பதினைந்து மீட்டர்

சுவர்களைப் பற்றி லூகோ ஊர்க்காரர்களுக்கு
யாரும் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது.
ரோமானியர் எழுப்பிய மதில்மேல்
ஞாயிறுதோறும் நாயோடு நடக்கிறவர்கள் நாங்கள்.
ஆனாலும் இந்த வீட்டுக்குள் ஒரு சுவர் இருக்கிறது,
அறுபது சென்டிமீட்டர் கருங்கல்.
அதைத் தாண்டும் வைஃபை
மழையில் நனைந்த தபால்காரன் மாதிரி
பாதிக் கடிதங்களைத் தொலைத்துவிட்டு வருகிறது.

இந்தப் பக்கம் நான், கணினி,
அதன் மூன்று விசிறிகள்.
அந்தப் பக்கம் உஷியா, பழைய டிவி,
பச்சை நிற கன்ட்ரோலர்.
வாடகை ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்.
அதுவரை மின்சாரம் பாதி, தண்ணீர் பாதி,
ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவளுக்கு.
விளையாட்டைத்தான் பிரிக்க முடியவில்லை.
நூற்றுப் பதினொரு மணி நேரம் சேர்ந்து ஓட்டிய கப்பல்
என் கணினிக்குள் நங்கூரமிட்டிருக்கிறது.

சுவருக்கு அப்பாலிருந்து கத்துகிறாள்:
"அழுத்தினபோது கயிறு இருந்தது, ப்ரெய்ஷோ.
குதிச்சபோது இல்ல."

அளந்தேன்.
தொண்ணூறு மில்லிசெகண்ட்.
ஓர் இமைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.
ஒருத்தி கடலில் விழ அது போதும்.
இதைவிடத் தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்ட
மாதங்கள் எங்களுக்கு இருந்தன.
அவற்றை அளக்கத் தோன்றவில்லை.

கம்பெனிக்காரன் ஃபோனில்
இன்னும் வேகமான திட்டத்தை விற்கப் பார்த்தான்.
ஜிகாபிட் என்றான். சிம் இலவசம் என்றான்.
எப்படிச் சொல்லி விளங்கவைப்பது,
இந்தச் சேதி தெருவுக்கே போவதில்லை ஐயா,
என் அறையில் கிளம்பி
நடையில் ரவுட்டரிடம் கொஞ்சம் மூச்சு வாங்கி
அவள் அறையில் முடிந்துபோகிறது.
ஊர் முழுக்க இன்டர்நெட் செத்தாலும்
எங்களுக்கு முப்பது மெகாபிட் போதும்.
சீராக வரணும், அவ்வளவுதான்.

செருப்பு அலமாரிக்குள் கிடந்த ரவுட்டரை
உயரத்தில் ஏற்றி வைத்தேன்.
ஐந்து கிகாஹெர்ட்ஸ்,
கல்லைக் கண்டதும் திரும்பி ஓடியது.
இரண்டு புள்ளி நான்கு எப்படியோ நுழைந்தது.
ஆனால் நான் மைக்ரோவேவில் சூப்பைச் சூடாக்கிய இரண்டு நிமிடமும்
அவள் கடல் சதுரம் சதுரமாக உடைந்தது.
ராத்திரி சூப்பை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் கேபிள்தான்.
சனிக்கிழமை மதியம் நடையோரமாக
அவள் கிளிப்பை நீட்ட, நான் அடிக்க,
முட்டிபோட்டபடி பதினைந்து மீட்டர்
அதிகம் பேசாமல் நகர்ந்தோம்.

இப்போது நான்கு மில்லிசெகண்ட்.
ஒரே ஒரு தொந்தரவு,
கேபிள் தடிமன், அவள் கதவு முழுசாகச் சாத்தவில்லை.
இரண்டு விரல் சந்து.
அதன் வழியே வெளிச்சம், இருமல்,
விகோவில் இருக்கும் அக்காவிடம்
"நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிற குரல்.
கதவடியில் நுழைகிற தட்டைக் கேபிள்
ஒன்பது யூரோ.
செவ்வாயிலிருந்து ஆன்லைன் கூடையில் கிடக்கிறது.
அவளும் கேட்கவில்லை.

நேற்றிரவு என் திரையில்
யாரும் தொடாமல் கப்பல் திரும்பியது,
பாறைகளைச் சுற்றி, நிதானமாக,
என்னைவிட நன்றாகவே.
கீழ் மூலையில் ஒரு வரி
மினுங்கிக்கொண்டே இருந்தது:
இரண்டாவது ஆட்டக்காரர் சேரலாம்.

என் கன்ட்ரோலரில் பேட்டரி இல்லை.
டிவி ரிமோட்டில் இரண்டு இருக்கும்.
அது அவள் அறையில்.