நான்கு டிகிரி

புதன்கிழமை விடிய ஐந்தே முக்காலுக்கு
சிம்பாங் அம்பாட் ஆலையின் பின்கதவில்
மிஜானூர் ஒரு வாளியை ஒதுக்கி வைத்திருப்பான்.
எட்டுக் கிலோ கோழிக்கால்.
டிம் சம் கடைக்காரர் வேண்டாமென்று தள்ளியவை:
நகம் ஒடிந்தவை, ஈரத் தரையில் நின்று நின்று
பாதத்தில் கறுப்பாய்ப் புண் விழுந்தவை.

இரண்டாவது பாலத்தில் திரும்பும்போது
பின்சீட்டில் ஐஸ் பெட்டி, அதற்கும் பெல்ட்.
எதிர்த்தடத்தில் கூண்டு லாரி ஒன்று போனது.
கடல்காற்றில் தாண்டி வந்த ஒரு வெள்ளை இறகு
வைப்பரில் மாட்டிக்கொண்டு
கிளுகோர் வரை என்னைப் பார்த்துக் கையாட்டியது.

புட்டிகளில் இங்கிலீஷ். என் நோட்டில் மட்டும் தமிழ்.
கொலாஜன் என்று எழுதப் போனால்
இரண்டாம் எழுத்தில் பேனா கொலைப் பக்கம் சாய்கிறது.
அடித்துவிட்டு
ல-வுக்கு ஒரு கால் போடுகிறேன்.
எட்டுக் கிலோ கால் வாங்கி வந்தவளுக்கு
இன்னொரு கால் போடுவதா கஷ்டம்.

முதலில் காரத்தில் ஒரு நாள். பிறகு கொழுப்புப் போக ஆல்கஹால்.
பிறகு அசெட்டிக் அமிலம்,
வினிகர்தான், கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை.
மூன்று நாள், நான்கு டிகிரி.
குளிரறையில் காந்தக்குச்சி சுற்றிக்கொண்டே இருக்கும்.
நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பேன்;
வெளியே பினாங்கு வெயிலில் குரங்குகள்
கார் கூரையில் படுத்திருக்கும்.

பெப்சின் சேர்த்தால் விளைச்சல் இரட்டிப்பு.
அலமாரியில் இருந்த புட்டி, பன்றி இரைப்பையிலிருந்து வந்தது.
ருஹானா அதன் லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.
"நாளைக்கு யார் காயத்தில் ஒட்டப்போகிறதோ,
அவர்களிடம் இப்போது கேட்க முடியாதே."
நான் ஒன்றும் சொல்லாமல்
எதிர்பார்ப்பைப் பாதியாக்கி எழுதினேன்.

மூன்று பிரியாய்ப் பின்னிய சடை அது.
ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின்,
மடியில் ஒற்றை ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு
ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்.
உள்ளே இடம் அவ்வளவுதான்.
கொஞ்சம் பருத்த எது அங்கே வந்தாலும்
சடை புடைத்துவிடும்.

வெள்ளி இரவு இடி விழுந்து கரண்ட் போனது.
திரும்பி வந்தபோது
கலக்கும் தட்டுக்கு யாரோ முன்பு வைத்த ஐம்பது டிகிரி
எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது.
சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
அறை நான்கு டிகிரி, ஒழுங்காக.
பீக்கர் மட்டும் கைக்கு இதமாய்ச் சுட்டது.

தட்டை அணைத்தேன். மத்தியானத்துக்குள் கட்டிவிட்டது.
ருஹானா லேசாய்ச் சாய்த்து ஆட்டிப் பார்த்து
"அகார்-அகார்" என்றாள்.
சிரித்தோம். கொஞ்ச நேரம்தான்.

பட்டை ஓட்டிப் பார்த்தால் தெரியாது என்று
இருவருக்கும் தெரியும்.
அவிழ்த்துத்தான் ஓட்டுகிறோம்; தானாய் அவிழ்ந்ததும்
அதே உயரத்தில், அதே நீலத்தில் வந்து நிற்கும்.
மூன்று வாரமாய் அறிக்கை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
ஆறும்போது அந்தப் பிரிகள் ஒன்றையொன்று தேடும்,
அங்கங்கே ஒரு முழம் பின்னிக்கொள்ளும்.
எது எதனோடு என்ற கணக்கு இருக்காது.
அதைச் சடை என்று காட்ட
எனக்கு ஒரு நாள் ஆசை இருந்தது,
சனி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை.

திங்கள்:
தொகுதி ஏழு. ஜெலட்டின். சூடேறியது. கொட்டியாயிற்று.
கையெழுத்து, செ. யோகமலர்.

மிஜானூருக்கு எழுதினேன்: புதன் இன்னொரு வாளி கிடைக்குமா?
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினான்,
மஞ்சள் பொம்மைவிரல், மடிப்போ ரேகையோ இல்லாதது.
போன புதன் வாளியை நீட்டியபோது
அவன் கட்டைவிரலில் நகத்தோரம் தோல் பிளந்திருந்தது.
குளோரின் தண்ணீர்.
கையுறை போட்டால் வேகம் குறைகிறதாம்.