மட்டை கட்டிய கால்கள்

ஆஸ்லோவிலிருந்து பாண்டித்துரை மாமா
வீடியோ அனுப்பியது வியாழக்கிழமை.
முழங்காலளவு பனி. அதன்மேல்
வலைபின்னிய செருப்பில் வாத்துபோல நடக்கிறார்.
பின்னால் மாமி.
மாமி இழுக்கும் சறுக்குப் பெட்டியில் கைக்குழந்தை.
நறுமுகை அதை ஒன்பது முறை பார்த்தாள்.
அவளுக்கு வயதும் ஒன்பது.

ஞாயிறு காலை ஆரப்பாளையம் நிலையத்தில்
அவள் பையைத் திறந்த வடிவு
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
உள்ளே நரம்பு தளர்ந்த இரண்டு பூப்பந்து மட்டைகள்,
சாக்குத் தைக்கிற சணல் ஒரு கண்டு.
"ஊரே பார்க்கும்டி."
"மலைக்குத்தானம்மா போறோம், ஊருக்கா போறோம்?"
எலுமிச்சைச் சோற்றை மடியில் ஏந்தியபடி
வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
சிரித்தாளா, தெரியாது.

வாடிப்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ.
பஸ்ஸிலிருந்து நீலமாகத் தெரிந்த சிறுமலை
தென்னந்தோப்பு முடிந்ததும் பழுப்பாகிவிட்டது.
வனக்காவலர் பையைத் துழாவினார்.
பிளாஸ்டிக்? தீப்பெட்டி?
மட்டையைத் தூக்கிப் பார்த்து,
"மேலே கோர்ட் எதுவும் இல்லையே சார்."

பங்குனி.
உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்திருந்தது.
கல்படி முடிந்த இடத்திலிருந்து
கணுக்கால் அளவு சருகு:
தேக்கு, மூங்கில், பேர் தெரியாத ஒரு சிவப்பு.
பாறைமேல் உட்கார்ந்து கட்டிக்கொண்டாள்.
எடுத்த முதல் அடிக்கே
ஒரு கூடை அப்பளம் நொறுங்கியது.
குரங்குக் கூட்டம் மரம் மாறியது.
துருவன் காதைப் பொத்திக்கொண்டு
இன்னொரு தரம், இன்னொரு தரம் என்றான்.

அவனுக்கு நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது.
நாற்பது அடிக்கு ஒரு மலை.
அப்படிப் பார்த்தால் அன்று நாங்கள்
பதினேழு மலை ஏறினோம்.

அவளுக்காக நின்று நின்று போனதில்
காட்டுமாட்டுச் சாணம் பார்த்தோம்,
அதில் முளைத்த குடைக்காளான் பார்த்தோம்.
புதரில் பாம்புச் சட்டை ஒன்று தொங்கியது.
வீட்டில் பல்லிக்கு நாற்காலி ஏறும் வடிவு
குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு,
"கண் இருந்த இடம்கூடத் தெரியுதுங்க" என்றாள்.

அருவி இல்லை.
அருவி விழுந்த பாறை இருந்தது, கறுப்பாக.
சரியாக மூடாத குழாய்போல
ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது.
"இலவு காத்த கிளி நாம" என்றேன்.
"யாருப்பா காத்தா? நடந்துதானே வந்தோம்."
கணுக்காலைச் சணல் அறுத்திருந்தது.
மட்டையைக் கழற்றிச் சோறு தின்றாள்.

இறங்கும்போது நான் முன்னால்.
தடம் மூன்றாகப் பிரிந்த இடத்தில்
யோசிக்காமல் இடதுபக்கம் திரும்பினேன்.
இருபது வருடம் மீட்டர் ரீடிங் எடுத்தவன்,
மதுரையில் நான் நுழையாத சந்து இல்லை.
அரைமணி கழித்து முள்.
முள்ளுக்கு அப்பால் பள்ளம்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

திரும்பி வந்தோம்.
துருவன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து
புழுதியைக் காட்டினான்.
"இங்க அக்கா இருக்கா."
மாவு சலித்த மாதிரி மண்,
அதில் கட்டம் கட்டமாக ஒரு முட்டை வடிவம்.
பத்தடி தள்ளி இன்னொன்று.
ஒன்றின்மேல் காட்டுக்கோழி நடந்து போயிருந்தது.
மேலே போகிற அந்தக் கால்களை
ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்து
நான்கு பேரும் இறங்கினோம்.
துருவன் முன்னால். நான் கடைசியில்.

"யாரு ஜெயிச்சா?" காவலர் கேட்டார்.
"சின்னவன்" என்றாள் வடிவு.

பஸ்ஸிலிருந்தே மாமாவுக்குக் குரல் செய்தி போனது:
"மாமா, இங்க பனி பழுப்புக் கலர்.
சத்தம் போடும். முப்பத்தெட்டு டிகிரி."

செவ்வாய் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அடுப்படி விளக்கு எரிந்தது.
எதிர்வீட்டுப் பையனின் மட்டைகள் தரையில் கிடக்க
சணலைத் தன் பாதத்தோடு வைத்து
அளந்துகொண்டிருந்தாள் வடிவு.
என்னைப் பார்த்ததும்,
"எனக்கில்ல" என்றாள்.