ஒரு பரிமாறல், மூன்று கிராம்

ஜூலையில் பொடி கட்டிவிடும்.
கட்டாமலிருக்கச் சேர்த்தது மணலுக்குத் தூரத்துச் சொந்தம்.
லேபிளில் பெயர் இல்லை, எண் மட்டும்.
அதுவும் காட்கோபர் ஈரத்திடம் தோற்றுப்போக,
கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி
உடைத்தெடுக்கிறேன், காலை ஆறு பத்துக்கு.
ஆறு நாற்பத்திரண்டு என் லோக்கல்.

இந்த அறைக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது.
இருப்பது கீழ்வீட்டு ஷிந்தேபாயிடம்.
கதவுத்தட்டில் அரை லிட்டர் பால் வைக்க
மாதம் முந்நூறு கேட்டாள்.
இதுவோ பொங்காது, திரியாது,
பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.
காபியில் போட்டால்
மழைநீர் நின்ற தெருவின் நிறம் வரும்.
போதும் எனக்கு.

உடன் தங்கியிருக்கும் ஹெத்விக்குப் பால் பட்டால் உதடு வீங்கும்.
“பால் அல்லாதது” என்று முன்பக்கம் படித்தவள்
பிறந்தநாள் போல ஒரு கோப்பை கலந்தாள்.
மூன்றாவது மிடறில் தொண்டையைத் தேய்த்தாள்.
மாத்திரை தேடி, விழுங்கி,
சுவரோடு சாய்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க
நான் போன் வெளிச்சத்தில் பாட்டிலைத் திருப்பினேன்.
எறும்புக் கால் எழுத்தில்:
கேசினேட், பாலிலிருந்து எடுத்த புரதம்.
முன்னால் இல்லை, பின்னால் உண்டு.
நடுவே வளைந்த பிளாஸ்டிக்,
நான்கு விரற்கடைத் தூரம்.

தூக்கம் போனபின் மீதியையும் படித்தேன்.
சோளப்பாகு.
செம்பனைக் கொட்டை எண்ணெய்,
கெட்டிப்படுத்தியது.
கால்சியம் என்ற வரியே காணோம்.
டிரான்ஸ் கொழுப்பு பூஜ்யம், அதுவும்
ஒரு பரிமாறலுக்கு.
ஒரு பரிமாறல், மூன்று கிராம்.

எந்த வீட்டுக் கரண்டி மூன்று கிராம் பிடிக்கும்?
மறுநாள் கூரியர் கடைத் தராசில்
என் கரண்டியைக் குவித்து நிறுத்தேன்.
ஏழரை.
கோப்பைக்கு இரண்டு, நாளுக்கு நான்கு கோப்பை:
அறுபது கிராம்.
நாசிக்குக்கு அனுப்பினால்
குறைந்தபட்சக் கட்டணத்தில் போய்ச் சேரும் எடை.
முந்நூற்றுச் சொச்சம் கலோரி,
சாப்பிடாமலே தின்ற நாலு சப்பாத்தி.
இரண்டு வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்,
ரசீது இல்லாமல், என் முகவரிக்கே.

ஹெத்வி இப்போது எலுமிச்சை பிழிந்த கறுப்புத் தேநீர்.
என் பாட்டில் மூடியில்
சிவப்பு நகப்பூச்சால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தாள்.
என் உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால்
பெருக்கல் குறியைத் திறந்தே தினமும் குடிக்கிறேன்.

இன்று அந்தக் கல்லில்
ஒரு கரண்டிதான் உடைந்தது.
இன்னொன்றுக்குக் குத்திப் பார்த்தேன்.
காம்பு வளைந்தது. மணி ஆறு இருபத்தெட்டு.
கசப்பாகவே குடித்துவிட்டு
ஸ்டேஷனுக்கு ஓடினேன்.