நாற்பத்தொன்றுக்கு

சிட்டு ஏரிக்கரையில்
சவுக்காரம் போல் வழுக்கும் சேற்றை
ஒரு கரண்டி அள்ளினேன்.
பூநாரைகள் திரும்பியும் பார்க்கவில்லை.
கால் வைத்தால் எரிகிற இந்தத் தண்ணீரில்
யார் குடியிருப்பார்கள் என்றார்
ஓட்டுநர் மெக்குரியா.
நீ இருந்தாய்.

அடிஸ் அபாபாவில்
பால் கலந்த கூழ்த்தட்டில்
உன்னைக் கோடாக இழுத்து வைத்தேன்.
மின்சாரம் போவதும் வருவதுமாய் இரண்டு நாள்.
மூன்றாம் நாள் காலை ஒரு மணிக்கு
(எங்கள் நாட்டில் விடிந்த பிறகுதான்
ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவோம்)
வெள்ளைத் தட்டில் உன்னைச் சுற்றி
கண்ணாடி போல் ஒரு வட்டம்.
வாயில்லாத நீ
கத்தரிக்கோலை வெளியே அனுப்பி
நறுக்கி வந்ததை உறிஞ்சியிருந்தாய்.
உனக்கு முன்னால் நாற்பது பேர்
சும்மா கிடந்தார்கள்.
அதனால் இப்போதைக்கு உன் பெயர் நாற்பத்தொன்று.

மோஜோவின் தோல் ஆலைக்கு
உன்னைக் கொண்டுபோகவில்லை,
உன் நொதியை மட்டும் வடித்து
மஞ்சள் கேன்களில் கொண்டுபோனேன்.
அங்கே சுண்ணாம்பும் சல்ஃபைடும்
ஆட்டு ரோமத்தைக் கூழாக்கிக்கொண்டிருந்தன.
அழுகிய முட்டை நாற்றம்
ஆலைக்கு முன்பே வந்து வரவேற்றது.

முதல் சோதனை.
முப்பது தோல், ஒரு பீப்பாய், எட்டு மணி நேரம்.
'இரண்டு மணிக்கு நிறுத்தவும்'
என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.
ஆய்வகக் கடிகாரம் வெளிநாட்டுக் கடிகாரம்.
அதன் இரண்டு மணி நள்ளிரவுக்குப் பின்.
பீப்பாய் பார்க்கும் குடெட்டா
எல்லோரையும் போல்
விடிந்து இரண்டு மணிக்கு நிறுத்தினார்.
ஆறு மணி நேரம் அதிகம்.
ரோமத்தைத் தின்று முடித்து
நீ தோலுக்கு வந்திருந்தாய்.
தூக்கிப் பிடித்தால் விரல் மறுபுறம் வந்தது.
முதலாளி திட்டவில்லை.
முப்பது தோலின் விலையைச் சொன்னார்,
இரண்டு முறை.

அடுத்த முறை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
நள்ளிரவு தாண்டி பீப்பாய் நின்றதும்
குடெட்டா மூக்கை உறிஞ்சினார்.
'நாற்றமே இல்லையே,
வேலை நடக்கவில்லை போல.'
பிறகு கட்டைவிரலால் ஒரு தள்ளு.
ரோமம் வேரோடு
சட்டை கழற்றுவது போல் வந்தது.
கீழே தோல்,
குளித்து எழுந்த குழந்தையின் முதுகு.
நான் கத்தியிருக்க வேண்டும்.
காவல் நாய் குரைத்தது.

அன்றிரவு எல்லாத் தோலையும் தொட்டேன்,
கையுறை கிழிந்தது தெரியாமல்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூட வாசலில்
விரல்ரேகைப் பெட்டி
என்னைத் தெரியாது என்றது.
துடைத்து வைத்தேன், தெரியாது.
இடது கை, தெரியாது.
ஆறு வருடமாய்
என் வணக்கத்துக்குப் பதில் சொல்லும் காவலாளி
பதிவேட்டை நீட்டிப் பெயர் கேட்டார்.

உனக்குத் தெரியாதுதான்.
ஆடு எது, நான் எது,
தட்டில் ஊற்றிய பால் எது,
எல்லாம் உனக்குப் புரதம்.
கோபமில்லை, நாற்பத்தொன்று.
பதினைந்து நாளில் ரேகை திரும்பி வந்தது,
மழை நின்றதும் தெரியும் ஒற்றையடிப் பாதை போல.

இதைச் சிரிப்பாய்ச் சொன்னேன் குடெட்டாவிடம்.
அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
பத்து விரலும் வழவழவென்றிருந்தன.
சுண்ணாம்பு பத்தொன்பது வருடத்தில் செய்தது.
ஆலை அவருக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறது.

நீ இப்போது
மைனஸ் எண்பதில் உறங்குகிறாய்.
டீசல் இருக்கும்வரை ஜெனரேட்டர் ஓடும்.
உன்னைப் பற்றிய கட்டுரையில்
வெப்பம், காரம், வேகம்
மூன்றுக்கும் வரைபடம் இருக்கிறது.
குடெட்டா கேட்ட கேள்விக்கு
எந்தப் பகுதியிலும் இடம் கிடைக்கவில்லை:

'இதை ஊற்றும்போது போட்டுக்கொள்ள
கிழியாத கையுறை
யார் வாங்கித் தருவார்கள்?'