வெர்லினுக்கு, விலைப்பட்டியலின் பின்பக்கத்தில்

வெர்லின்,
உன் பட்டியலை மூன்று முறை படித்தேன்.
முதல் முறை ஆசையாக.
இரண்டாம் முறை கால்குலேட்டரோடு.
மூன்றாம் முறை
பனியில் நிற்கும் பிக்கப்புக்கு முன்னால் போய்
சத்தமாக.
அது ஒன்றும் சொல்லவில்லை,
கீழே ஒரு சொட்டு எண்ணெய் விட்டது.

சின்னப் பெட்டி ஒன்று, நாற்பது நிமிட வேலை,
நூறு குதிரை கூடும் என்று எழுதியிருக்கிறாய்.
ஜெரோமில் எங்கள் கொட்டிலில்
இரண்டு குதிரை நிற்கின்றன.
இரண்டுமே சொன்ன பேச்சு கேட்பதில்லை.

போன பிப்ரவரி
சாபியெர் அந்தப் பெட்டியைத்தான் மாட்டினான்.
ஐடஹோவிலிருந்து கிளம்பியவர்கள்
நெவாடா முழுக்கப் பறந்தோம்.
எல்கோ போனது தெரியவில்லை,
வினமக்காவில் காபி ஆறவில்லை.
பின்னால் நீள டிரெய்லரில்
வலைக்குள் தொண்ணூற்றாறு தேன்பெட்டிகள்.
கலிபோர்னியாவில் பாதாம் பூக்க
எட்டு நாள் இருந்தது.

டானர் கணவாய் ஏற்றத்தில்
புகைச்சூடு காட்டும் முள்
ஆயிரத்து நானூறைத் தொட்டது.
"முள்ளைப் பார்க்காதே, ரோட்டைப் பார்"
என்றான் சாபியெர்.
அவன் அப்படித்தான்,
எங்கள் கல்யாணத்துக்கு வந்த பில்களையும்
அப்படியேதான் கடந்தான்.

ஓரங்கட்டினேன்.
நண்பகல்.
இரண்டு பக்கமும் பனிச்சுவர்,
அதற்கு மேலே
பிப்ரவரிக்குப் பொருந்தாத ஒரு வெயில்.

உனக்கு இது தெரியாது, வெர்லின்:
வண்டி ஓடும்வரை தேனீ ஒடுங்கியிருக்கும்.
நின்றால்
வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு பெட்டி.
பிறகு பக்கத்துப் பெட்டி.
பிறகு வலையே கறுத்து
மூச்சு விடுவதுபோல் உப்பியது.
பனி தள்ள வந்த மனிதர்
கையசைக்க எடுத்த கையால்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.
நாற்பது நிமிடம்.
என்ஜின் ஆறும் வரை
டிக், டிக் என்று அது ஒரு பக்கம்,
இவை ஒரு பக்கம்.
இடையில் நான்,
சாபியெரிடம் பேசாமல்.

அதுகூடப் பரவாயில்லை.
அப்புறம் இறக்கம் வந்தது.
மைல் மைலாக, விடாத இறக்கம்.
இருபது சதவீதம் தாண்டும்போதே
பிரேக் கருகும் வாசம்,
பாதத்தின் கீழே மிதி
வெண்ணெயில் அழுந்துவதுபோல் போனது.
முதுகில் ஏழு டன் இருப்பதை
முதல் முறையாக
எலும்பில் உணர்ந்தேன்.

ஏற்றத்தில் வெட்கப்பட்டேன்.
இறக்கத்தில் பயந்தேன்.
வெட்கத்துக்கு நான்
இனிமேல் காசு செலவழிப்பதாக இல்லை.

ஆகையால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடு.
சாபியெர் கேட்டால் திருடு போனது என்று சொல்.
கியர்பெட்டி எண்ணெயை ஆற்ற
ஒரு பெரிய கூலர் போடு,
மலிவானது வேண்டாம்.
அச்சுப் பல்சக்கரத்தை மாற்று,
நாலு புள்ளி ஒன்று, நீயே சொன்னது.
மெதுவாகத்தான் போகும், தெரியும்,
டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும்,
அதுவும் தெரியும்.
முக்கியமாக அந்தப் புகைவழி பிரேக்.
கால் வைக்காமலே
வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் என்றாயே,
அது உண்மையானால்
அதன் விலையை நான் பேரம் பேசவில்லை.

நாலு அங்குலப் புகைக்குழாய் வேண்டாம்.
உறுமல் நன்றாக இருக்கும் என்கிறாய்.
இருக்கலாம்.
ஆனால் டீசல் போட நிற்கும் இடத்தில்
இரண்டு நிமிடம் என்ஜினோடே இருந்து
பின்னால் என்ன நடக்கிறதென்று
காதால்தான் எனக்குத் தெரியும்.
நிம்மதியான ரீங்காரம் ஒன்று உண்டு,
ராணி செத்த பெட்டியின் முனகல் ஒன்று உண்டு.
உறுமலுக்கு நடுவில்
அந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பேன்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
நூற்றிப்பத்து டாலர் மிஞ்சும்.
அதைத் திருப்பித் தராதே.
என் தலைக்குப் பின்னால்
நகராமல் இறுகிக் கிடக்கிறதே அந்தச் சின்னச் சன்னல்,
மூன்று குளிர்காலமாக,
அதைத் திறக்கிற மாதிரி செய்துகொடு.

வியாழக்கிழமை விடியுமுன்
வண்டி வேண்டும்.

மைதே எச்செவெரி