ஏழாம் கல்லில் எழுத்தில்லை

வெள்ளகோவில் தாண்டிக் கிளை ரோட்டில்
கிளுவை வேலிக்குள் அவர் பிறந்த பூங்கா.
ஆளுக்குப் பத்து, வண்டிக்கு இருபது.
சீட்டில் அவர் மீசை
பாதிதான் அச்சாகியிருந்தது.

கொறங்காட்டு நடைபாதை நெடுக எண் போட்ட கற்கள்.
மூன்றாம் கல்: அவர் நீச்சல் பழகிய கிணறு.
ஏழாம் கல்லில் எழுத்தில்லை,
ஓணான் ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது.
மகன் அதையும் படித்தான்.

வீட்டுக்குள் கயிறு கட்டி மறித்த அறை.
தொட்டில், விளக்கு, புதுச் சுண்ணாம்பு வாசம்.
'இவ்வறையில் பிறந்தார்' என்றது பலகை.
துளசிமணி செருப்பைக் கழற்றிவிட்டுச்
செல்போனைத் தூக்கினாள்.

பசித்தது.
வெள்வேல மரத்தடியில் பாய் விரித்து
அரிசிம்பருப்புச் சாதத்தைத் திறந்தோம்.
காவலுக்கு இருந்த பொங்கியண்ணன்
சாதம் வேண்டாமென்று
ஊறுகாய் மட்டும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"ஊடு பொறகால கட்டுனதுங்க.
அன்னிக்கு இந்த எடம் கட்டுத்தரை.
மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்த அந்தம்மாவுக்கு
இங்கயே வலி எடுத்துருச்சு.
கிட்டத்தட்ட நீங்க
தூக்குப்போசி வெச்சிருக்கற எடமுங்க."

எச்சில் கை அப்படியே நின்றது.
துளசிமணி போசியை ஒரு சாண் நகர்த்தினாள்.
யோசித்து, இன்னொரு சாண்.
எதுவரை நகர்த்த?
பாயே அங்குதான் கிடந்தது,
பாய்மேல் நாங்கள்,
எறும்புகள் பருக்கையோடு
எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

மகன் கேட்டான்:
"அப்ப, மாடு தண்ணி குடிச்சுதா?"

பொங்கியண்ணன் ஊறுகாய் விரலைச் சப்பியபடி
வெகுநேரம் நடைபாதையைப் பார்த்தார்.
"அது தெரியலீங்களே கண்ணு" என்றார்.