இறகு மடக்கிய நேரம்

பணகுடிக்குத் தெற்கே, நூற்றுப் பதினேழாம் எண் காற்றாலை.
உள்ளேணியில் இருநூற்று எண்பத்தாறு படி.
இடுப்புக் கொக்கி ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் சொல்கிறது,
ஒரே சொல்.

எனக்கு மேலே சவரிமுத்து.
அவன் பூட்ஸில் ஒட்டிய தேரி மண்
என் தலைக்கவசத்தில் உதிர்கிறது.
"மூச்சை எண்ணாதேயும் வே, படிய எண்ணும்."
மூச்சைத்தான் எண்ணுகிறேன்.

மாசியில் நுரையீரலில் நீர் கோத்து
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன்.
பயிற்சி தர வந்த ஜெஸிந்தா கையில்
ஒரு பிளாஸ்டிக் கூடு, மூன்று குழாய், மூன்று பந்து.
உறிஞ்சினால் பந்து எழும்ப வேண்டும்,
எழும்பியது அங்கேயே நிற்க வேண்டும்.
முதல் பந்துக்கு இடகலை என்று பேர் வைத்தேன்,
அடுத்ததுக்குப் பிங்கலை.
இரண்டும் ஒரு வாரத்தில் வழிக்கு வந்தன.
சுழுமுனை மட்டும் கடைசி நாள்வரை
குழாயின் அடியில் குந்தியிருந்தது,
கூப்பிட்டால் வராத பூனை மாதிரி.

உயிரைக் காற்று என்று சொல்லிவைத்தவன்
ஆடியில் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கிப் பிதுங்கி
வருகிறது பாருங்கள்,
தகரத்தை உரித்து, பனையோலையைக் கிழித்து,
வேட்டியை மடித்துக் கட்டவிடாமல்.
இதில் எதை இழுத்து எதை நிறுத்த?
பதினாறுக்கு இழு, அறுபத்துநான்குக்கு நிறுத்து,
முப்பத்திரண்டுக்கு விடு என்கிறது கணக்கு.
எனக்கு ஏழிலேயே கண் இருட்டுகிறது.

மேலே வந்தது ஒரு சத்தத்துக்காக.
கியர்பெட்டியில், ஓடும்போது மட்டும்,
யாரோ தொண்டையைச் செருமுவது போல.
திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் குனிந்தேன்.
உலகமே பல்லைக் கடித்துக்கொண்டு
அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது போன்.
கிரிட்டில் இடமில்லையாம். நிறுத்தச் சொல்லி உத்தரவு.
மூன்று இறகும் மெல்லத் திரும்பின.
அகலத்தை எடுத்துக்கொண்டு
விளிம்பை மட்டும் காற்றுக்குக் கொடுத்தன.
வேகம் கழன்று, கழன்று,
நின்றது.

காற்று நிற்கவில்லை.
கோபுரம் தோணி போல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.
அதே ஆடி, அதே கணவாய்,
பிடித்துத் திருப்ப ஒன்றும் கிடைக்காமல்
எங்கள் இரு பக்கமும் வழுக்கிப் போனது.
இத்தனை நாள் நான்
காற்றை அல்லவா நிறுத்தப் பார்த்தேன்.

காதிலிருந்து திருப்புளியை எடுக்க மறந்திருந்தேன்.
இரும்பு பேசவில்லை.
வேறொன்று பேசியது,
இரண்டிரண்டாக, அவசரமில்லாமல்.
என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது.
எண்ணத் தோன்றவில்லை.
பந்து எழும்பியதா?
பார்க்க அங்கே ஆளில்லை.

சவரிமுத்து புளிச்சோற்றைப் பிரித்தான்.
"சாமியா வே?" என்றான், என்னைப் பார்த்து.
"எனக்கு முகம் வேணும்.
கோவிச்சுக்கிட்டா சமாதானம் சொல்ல ஒரு ஆள் வேணும்.
காத்தை எப்படிக் கும்பிட?"
வடக்கன்குளத்தில் அவன் முழங்கால் போடும் இடம்
எனக்குத் தெரியும்.
அவன் சொல்வதில் தப்பில்லை.
நம்பி மலையில் நானும் முகத்தைத் தேடித்தான் ஏறினேன்,
ஆஸ்பத்திரிக்கு முன்பு ஒரு தடவை,
பின்பு ஒரு தடவை.

திருப்புளியை வாங்கி என் நெஞ்சில் ஊன்றினான்,
பிடியில் காதை வைத்தான்.
"பேரிங் தேயுது வே, கிரீஸ் வைக்கணும்."
சிரித்தான்.
பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக்
கேட்டுக்கொண்டே இருந்தான்,
எச்சில் கை காய.

மூன்றேகாலுக்கு மறு உத்தரவு.
இறகுகள் காற்றுக்கு முகம் காட்டின.
குறிப்பேட்டில் எழுதினேன்:
காற்று, நொடிக்குப் பதினான்கு மீட்டர்.
உற்பத்தி, பூஜ்ஜியம். நாற்பது நிமிடம்.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

செருமல் எங்கிருந்து என்று இன்னும் தெரியவில்லை.
நாளைக்கும் ஏற வேண்டும்.